புதுப்பிப்பு: பைத்தான் நீட்சி இப்போது பில்ட் ஆகிறது

திருமங்கலத்தில் மாணவர்களின் விண்டோஸ் கணினிகளில் எங்கள் சி நீட்சியை (பைத்தானுக்காக சி மொழியில் எழுதிய துணை நிரல்) பில்ட் செய்ய, அதாவது கம்பைல் செய்து இயங்கும் வடிவத்துக்குக் கொண்டுவர முடியவில்லை, 'விஷுவல் சி பிளஸ் பிளஸ் 14.0 தேவை' என்று நின்றுவிடுகிறது என எழுதியிருந்தேன். தீர்ந்தது!

முழு விஷுவல் ஸ்டுடியோ தேவையில்லை, அதன் கம்பைலரும் துணைக் கருவிகளும் மட்டும் உள்ள பில்ட் டூல்ஸ் போதும். நிறுவும்போது 'டெஸ்க்டாப் டெவலப்மென்ட் வித் சி பிளஸ் பிளஸ்' என்பதை டிக் செய்யுங்கள். கூடவே விண்டோஸ் எஸ்டிகே (விண்டோஸுக்கு நிரல் எழுதத் தேவையான ஹெடர், லைப்ரரி கோப்புகளின் தொகுப்பு) வருகிறதா என்றும் பாருங்கள். அது இல்லையென்றால் கம்பைலர் இருந்தும் ஹெடர் கிடைக்காமல் பில்ட் நின்றுவிடும். பல ஜிபி இறங்கும். அதனால் மதுரையில் நண்பர் வீட்டு ஃபைபரில் லேஅவுட் வசதி (நிறுவத் தேவையான கோப்புகளை ஒரு ஃபோல்டரில் இறக்கிவைப்பது) மூலம் ஒரே முறை இறக்கி, பென்டிரைவில் கொண்டுபோய் எல்லாக் கணினிகளிலும் போட்டோம். இந்த வசதி பலருக்குத் தெரியவில்லை, அவசியம் பயன்படுத்துங்கள்.

அப்புறம், நீட்சிகளை பில்ட் செய்ய முன்பு பைத்தானுடனேயே வந்த டிஸ்ட்யூட்டில்ஸ் பைத்தான் 3.12 முதல் கிடையாது, அதற்குப் பதில் செட்டப்டூல்ஸ் போட்டுக்கொள்ளுங்கள். உபுண்டு என்றால் பில்ட்-எசென்ஷியல், பைத்தான்3-டெவ் என்ற இரண்டு பேக்கேஜ்களும் போதும்.