லிஃப்ட் பம்புக்குத் தமிழில் என்ன? (திங்கட்கிழமை அச்சு)

திருவையாற்றான் எழுதியது:

அன்பர்களுக்கு வணக்கம். ஒரு சொல் வேண்டும், அவசரம்.

பழைய டர்போ டீசல் வண்டியின் எரிபொருள் அமைப்பை மேம்படுத்துவது பற்றி ஐ.டி.ஐ. பிள்ளைகளுக்கு ஒரு கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். டேங்கிலிருந்து டீசலை இழுத்து, ஃபில்டர் வழியாக, அதை மிகுந்த அழுத்தத்தில் சிலிண்டர்களுக்கு அனுப்பும் பெரிய இன்ஜெக்‌ஷன் பம்புக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் சின்ன பம்பு இருக்கிறதே, அதற்குத்தான் சொல் இல்லாமல் நிற்கிறேன்.

லிஃப்ட் பம்பு என்பதும் இதுதான். பட்டறையில் ‘ஃபீட் பம்ப்’ என்கிறார்கள், அப்படியே விட்டால் என்ன என்பீர்கள். ‘பம்ப்’ என்று மொட்டையாகச் சொன்னால் நம்மூரில் இன்ஜெக்‌ஷன் பம்புதான் அர்த்தம். போன மாதம் ஒரு பையனிடம் “பம்பைக் கழற்றிக் கழுவுப்பா” என்றேன். டீ குடித்துவிட்டு வருவதற்குள் பெரிய பம்பையே இறக்கி மண்ணெண்ணெய்த் தட்டில் குளிப்பாட்டிக்கொண்டிருந்தான். திரும்ப அதே நிலையில் மாட்ட வேண்டிய டைமிங் குறி எதுவும் வைக்கவில்லை. திரும்ப மாட்டி வண்டியைக் கிளப்ப மறுநாள் மதியம் ஆயிற்று.

நான் போட்டுவைத்திருப்பது ‘ஊட்டுபம்பு’. மனசுக்கு ஒட்டவில்லை.

நன்னூல்பித்தன் எழுதியது:

ஐயா, ஊட்டுவது என்றால் வாய்க்குள் வைப்பது. அது சிலிண்டருக்குள் டீசலைப் பீச்சும் இன்ஜெக்டரின் வேலை. இந்தச் சின்ன பம்பு அடுக்களைவரை கொண்டுவந்து வைக்கிறது, அவ்வளவுதான்.

‘எக்கி’ இருக்கும்போது எதற்குப் பம்பு? பரிபாடலில் வையை நீராட்டில் நீரெக்கி வருகிறது. வயிற்றை உள்ளிழுப்பதும் எக்குவதுதான். சவ்வை உள்ளிழுத்து வேலை செய்யும் டயாஃப்ரம் பம்பு செய்வது அதுதானே? கால்விரலில் நிமிர்ந்து எட்டுவதும் எக்குவதுதான். டேங்கு கீழே, எஞ்சின் மேலே. இழுப்பது, எட்டுவது, பீச்சுவது மூன்றும் ஒரே வேரில் இருக்கின்றன. ‘ஏற்றெக்கி’ என்று வையுங்கள்.

கடைமடையான் எழுதியது:

வாத்தியாரே, ‘ஏற்றெக்கி’ என்று என் டிரைவரிடம் சொன்னால் விக்கலா என்று தண்ணீர் கொண்டுவருவான்.

எங்கள் லாரியில் இருப்பது டயாஃப்ரம் இல்லை, பிஸ்டன். இன்ஜெக்‌ஷன் பம்பின் இடுப்பிலேயே உட்கார்ந்திருக்கும். அதன் கேம்தான் இதையும் தள்ளும். அப்புறம், பரிபாடல் நீரெக்கி பீச்சாங்குழல் அல்லவா? பீச்சுவது இன்ஜெக்டரின் நுனியான நாசில். ஃபீட் பம்பு கொடுக்கும் அழுத்தம் ஒன்றிரண்டு பார். நாசில் திறக்கவே 200 பார் அளவுக்கு வேண்டும். உங்கள் சொல் நல்ல சொல்தான், வேறு வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறீர்கள்.

எங்கள் கதை: பெரிய நாசில் போட்டோம். கொள்முதல் நிலையத்தில் நெல் மூட்டை ஏற்றி, பாலம் ஏறும்போது வண்டி மூச்சு வாங்கியது. புகையும் இல்லை, இழுவையும் இல்லை. மெக்கானிக் ஃபீட் பம்பின் வாயைத் திறந்து, விரல்நுனி அளவு சல்லடை ஒன்றைக் கையில் வைத்தார். கறுப்புச் சேறு அப்பியிருந்தது. “வாய்மடையை அகலமாக வெட்டிட்டீங்க. ஆத்துல தண்ணி வர வேண்டாமா?” என்றார். கையேட்டில் இதைப் போடுங்கள், சொல் கிடக்கட்டும்.

ஹூஸ்டன் தம்பி எழுதியது:

அண்ணன் சொன்னது இங்கேயும் அப்படியே. என்னிடம் இருப்பது 1999 டாட்ஜ் ராம், 5.9 லிட்டர் கம்மின்ஸ். அதில் பாஷ் வி.பி.44 என்ற ரோட்டரி இன்ஜெக்‌ஷன் பம்பு. உள்ளே ஓடும் டீசல்தான் அதற்கு மசகும் குளிர்ச்சியும். லிஃப்ட் பம்பு சோர்ந்தால் பெரிய பம்பு காய்ந்து சாகும். அதனால் இந்த வண்டிக்காரர்கள் முதலில் வாங்குவது நாசில் இல்லை, எரிபொருள் அழுத்த மீட்டர். அழுத்தம் 10 பி.எஸ்.ஐ.க்குக் (முக்கால் பாருக்குக் கொஞ்சம் குறைவு) கீழே இறங்கினால் தூக்கம் போய்விடும்.

இன்னொன்று. ஆலையிலிருந்து வரும்போது அந்த பம்பு எஞ்சின் பக்கவாட்டில் இருக்கும். அதற்குத் தள்ளும் பலம் அதிகம், உறிஞ்சும் பலம் குறைவு. எனவே டேங்குக்கு அருகே இறக்கி வைத்து, குழாயையும் அகலமாக்குகிறார்கள். அப்படி வைத்த பிறகு அது ஏற்றுகிறதா, தள்ளுகிறதா? ‘உந்துபம்பு’ என்றால் என்ன?

நன்னூல்பித்தன் எழுதியது:

‘உந்து’ ஏற்கெனவே பேருந்தில் ஏறிவிட்டது, தம்பி.

எக்கியை விட மாட்டேன், ஆனாலும் இன்னொரு வழி சொல்கிறேன். மதுரைக்காஞ்சியில் ஆம்பி, கிழார் என்று நீரிறைக்கும் கருவிகள் வருகின்றன. ‘எண்ணெயாம்பி’ எவ்வளவு அழகு! ‘இறை’யிலிருந்தும் ஆக்கலாம், ஆனால் இறை, இ சேர்த்தால் இறைவி. பெட்ரோல் பங்க்கில் கற்பூரம் காட்ட வேண்டிவரும்.

ஒற்றுக்கும் ஒரு வார்த்தை. ஊட்டுபம்பு, ஏற்றுபம்பு இரண்டும் வினைத்தொகை. ஊறுகாய்போல வலி மிகாது. ‘ஏற்றுப்பம்பு’ என்று அச்சடித்துவிட்டு என்னைக் குறை சொல்லாதீர்கள்.

திருவையாற்றான் எழுதியது:

ஐயா, ஆம்பி என்றால் பையன்கள் காளான் என்றுகூட நினைக்க மாட்டார்கள், ஆம்புலன்ஸ் என்பார்கள். நாளை ஞாயிறு.

கடைமடையான் எழுதியது:

ராத்திரி ஆயில் எஞ்சின் ஓட்டப் போனபோது தோன்றியது. குழாயின் அடியில் இருக்கும் ஃபுட் வால்வு ஒழுகி, குழாயில் காற்று பிடித்துவிட்டது. வழக்கம்போலச் சாணியைக் கரைத்து, குழாய் நிறைய ஊற்றி எடுத்தோம். லாரியில் டீசல் தீர்ந்தால் ஃபீட் பம்பின் கைக்குமிழை அடித்து அடித்துக் காற்றை வெளியேற்றுகிறோமே, அதே வேலை. இரண்டிலும் கீழே இருப்பதை மேலே கொண்டுவர வேண்டும். காற்று புகுந்தால் இரண்டும் படுத்துவிடும்.

இதற்கு விவசாயிகளிடம் சொல் இருக்கிறதே: இறவை. ஆற்றுத் தண்ணீர் தானாக வந்தால் வாய்க்கால் பாசனம். மோட்டார் போட்டு இறைத்தால் இறவை. ‘இறவைப் பம்பு’. அப்படியே அடுத்ததும் கிடைக்கிறது. இன்ஜெக்‌ஷன் பம்பு ஆறு சிலிண்டருக்கும் 1-5-3-6-2-4 என்று வரிசை வைத்துப் பிரித்து விடுகிறது. நம் வாய்க்காலில் முறை வைப்பதுபோலத்தான். ‘முறைப் பம்பு’ என்றால் யாரும் குழம்ப மாட்டார்கள்.

ஹூஸ்டன் தம்பி எழுதியது:

அண்ணே, இறவைக்கு என் ஓட்டு. முறைப் பம்பு மட்டும் யோசிக்க வேண்டும். எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே பொதுக் குழாயிலிருந்து டீசல் போகும் காமன் ரெயில் எஞ்சினில் முறை வைப்பது பம்பு இல்லை, கம்ப்யூட்டர்.

திருவையாற்றான் எழுதியது:

‘இறவைப் பம்பு’ என்றே போடுகிறேன். முதல் இடத்தில் மட்டும் பக்கத்தில் ஃபீட் பம்ப் என்றும் இருக்கும். இங்கே பையன்கள் மூன்று பேரிடம் கேட்டேன். இரண்டு பேர் சரியான பம்பைத் தொட்டார்கள். மூன்றாமவன் வெளியே போய்த் தோட்டத்து மோட்டாரைத் தொட்டான். பெரிய பம்பு இன்ஜெக்‌ஷன் பம்பாகவே இருக்கட்டும்.

நன்னூல்பித்தன் எழுதியது:

பெரும்பான்மைக்குத் தலைவணங்குகிறேன், எக்கிக்கு இல்லை. வயலில் இறவை என்பது பாசன முறையின் பெயர், கருவியின் பெயர் அன்று. என் மறுப்பு இழையில் இருக்கட்டும்.

ஹூஸ்டன் தம்பி எழுதியது:

ஒரே ஒரு கேள்வி. தேவைக்கு மேல் வந்த டீசலை டேங்குக்கே திருப்பிவிடும் ஓவர்ஃப்ளோ வால்வு இருக்கிறதே, அதற்கு?

கடைமடையான் எழுதியது:

கலிங்கு.

நன்னூல்பித்தன் எழுதியது:

கலிங்கா, கலுங்கா? ஏரியின் கலுங்கில் வழிந்த நீர் ஏரிக்குத் திரும்புவதில்லையே ஐயா.