புதுப்பிப்பு: கனத்த கோடாலியா, இலேசான கோடாலியா?

"விறகுக்கு எடை கூடின கோடாலிதான்" என்று இதே இழையில் முன்பு எழுதியிருந்தேன். அது பாதிதான் சரி. உருட்டுக் கட்டையை நார்போக்கில், அதாவது மரநார் ஓடும் திசையில், பிளக்க 2.5 முதல் 3 கிலோ, கன்னம் (தலையின் இரு பக்கங்கள்) புடைத்த தலை வேண்டும். அந்தப் புடைப்புதான் மரத்தை விலக்குகிறது. அதே தலையால் நாருக்குக் குறுக்கே வெட்டினால் ஆழமாக இறங்காது, கை சோர்வதுதான் மிச்சம். குறுக்குவெட்டுக்கு 1.25 கிலோவும் மெல்லிய வாயும் போதும். இலேசானதை வேகமாக வீசலாம். வீச்சின் வேகம் இரட்டித்தால் அடியின் ஆற்றல் 4 மடங்கு. எடை இரட்டித்தால் 2 மடங்குதான். சின்னக் கிளைக்கு அரிவாளே மேல்.

கணு நிறைந்த புளியங்கட்டையை நடுவில் போடாமல் ஓரத்திலிருந்து சீவிச் சீவிப் பிளக்கவும். சிக்கிய கோடாலியின் முதுகில் சம்மட்டியால் அடிக்காதீர்கள், காம்புத்துளை விரிந்துவிடும். அதற்குத்தான் இரும்பு ஆப்பு. ஆடும் காம்பைத் தண்ணீரில் ஊறவைப்பது ஒரு நாள் வைத்தியம். காய்ந்ததும் முன்னைவிட ஆடும்.