சின்னப் பசங்க கேட்ட கேள்வி உலகக் கோர்ட்டு வரைக்கும் போனதை வாசல்ல நின்னு பாத்தேன், உங்க அனுபவத்தையும் போடுங்க

பண்ருட்டிப்பலா:

வணக்கம் மக்களே. உலக மாநாடுன்னா ஒரு சின்னப் பிள்ளைய மேடையில ஏத்தி பேச வச்சு எல்லாரும் எந்திரிச்சு கைதட்டி போட்டோ எடுத்து அனுப்பிடறாங்க, அதுக்கப்புறம் பெரியவங்க ரூமுக்குள்ள போயி அவங்க இஷ்டத்துக்கு எழுதிக்கறாங்க. இதைத் தாண்டி இளவட்டம் பேசி நிஜமாவே ஒரு வரி மாறினதை யாராச்சும் கண்ணால பாத்திருக்கீங்களா? மொதல்ல நான் பாத்ததைச் சொல்லிடறேன், கொஞ்சம் நீளமாத்தான் வரும்.

நான் நெதர்லாந்துல சட்டம் மேல்படிப்பு படிச்சிட்டு இருந்தேன். 2025 ஜூலை 23, புதன்கிழமை. தீசிஸ் பாதில கிடக்கு, சமைக்க அரிசி கூட இல்ல, ஆனா அன்னைக்கு மத்தியானம் 3 மணிக்கு சர்வதேச நீதிமன்றம் பருவநிலை மாற்றம் பத்தின கருத்தை வாசிக்கப் போகுதுன்னு தெரிஞ்சதும் எல்லாத்தையும் போட்டுட்டு ஹேக் போயி 1-ஆம் நம்பர் டிராம்ல அந்தக் கோர்ட்டு இருக்கற பீஸ் பேலஸ் வாசல்ல இறங்கிட்டேன். உள்ள போக பாஸ் கிடையாது. வெளியதான் நின்னேன். பக்கத்துல பசிபிக் தீவுப் பசங்க ஒரு கூட்டமா, கழுத்துல மாலை, கையில போன். நேரலை ஒவ்வொருத்தர் போன்லயும் ரெண்டு மூணு செகண்ட் முன்னப் பின்ன ஓடுது, அதனால ஒரே வாக்கியம் நாலு வாட்டி காதுல விழுது. நீதிமன்றத் தலைவர் இவாசாவா யூஜி அசராம ரெண்டு மணி நேரம் வாசிச்சார். குரல்ல ஏத்த எறக்கமே இல்ல, நம்மூர் தாசில்தார் ஆபீஸ்ல பத்திரம் படிக்கற மாதிரி. ஆனா படிச்ச விஷயம் அப்படி இல்ல.

இது எங்க ஆரம்பிச்சதுன்னு தெரியாதவங்களுக்கு: 2019, வனுவாட்டுன்னு பசிபிக்ல ஒரு குட்டி நாடு, அதோட தலைநகர் போர்ட் விலால தென் பசிபிக் பல்கலைக்கழகத்தோட சட்டக் கேம்பஸ். சுற்றுச்சூழல் சட்டம் படிச்ச 27 பசங்க. வகுப்புல வந்த ஒரு பயிற்சிதான், பருவநிலை நீதிக்கு சட்டத்துல இருக்கறதிலேயே பெரிய வழி எதுன்னு யோசிக்கணும். நாமளா இருந்தா பாஸ் மார்க்குக்கு நாலு பக்கம் எழுதி அதோட மறந்திருப்போம். இவங்க அந்த வழியவே பிடிச்சுகிட்டாங்க. அதாவது உலக நீதிமன்றத்துகிட்ட போயி "நாடுகளுக்கு இதுல என்ன கடமை, கடமைய செய்யலன்னா என்ன விளைவு"ன்னு கேக்கறது. ஆனா நாமளோ ஒரு சங்கமோ நேரா போயி கேக்க முடியாது, ஐ.நா. பொதுச்சபை தீர்மானம் போட்டுக் கேக்கணும், அதுக்கு ஒரு நாடு தூக்கிட்டுப் போகணும். 2011 வாக்குல பலாவ் நாடு இதே மாதிரி முயற்சி பண்ணி நடக்காமப் போச்சு.

பசங்க பசிபிக் அரசாங்கங்களுக்கு லெட்டர் மேல லெட்டர் போட்டாங்க. அந்த வருஷமே துவாலுல கூடின பசிபிக் தலைவர்கள் இந்த யோசனையை "கவனத்தில் கொண்டோம்"னு அறிக்கையில எழுதினாங்க. கவர்மெண்டு பாஷையில அதுக்கு என்ன அர்த்தம்னு உங்களுக்கே தெரியும். அதுக்கப்புறம் வனுவாட்டு அரசு கையில எடுத்து 2021 செப்டம்பர்ல நாங்க கொண்டு போறோம்னு அறிவிச்சுச்சு. பசங்க ஏற்கனவே ஒரு சங்கமா சேந்துட்டாங்க, மத்த கண்டத்துப் பசங்களும் கூட சேந்துகிட்டு அவங்கவங்க நாட்டு வெளியுறவுத் துறை கதவைத் தட்டிட்டே இருந்தாங்க. கடைசியில 2023 மார்ச் 29, பொதுச்சபையில ஓட்டெடுப்பே இல்லாம ஒருமனதா பாஸ் ஆச்சு, கூட சேந்து கையெழுத்துப் போட்ட நாடுகளே 132.

அந்த மார்ச் மாசம் ஆரம்பத்துல வனுவாட்டுல ஜூடி, கெவின்னு ரெண்டு புயல் ஒரே வாரத்துல அடிச்சுது. வாசல்ல என் பக்கத்துல நின்ன ஒரு பொண்ணு இதைச் சொன்னப்ப எனக்கு தானே புயல் ஞாபகம் வந்துடுச்சு. 2011 டிசம்பர், எங்க பக்கம் பலா மரம் முந்திரி மரம் எல்லாம் வேரோட சாஞ்சு கெடந்துது, தாத்தா ஒரு வாரம் தோப்புப் பக்கமே போகல. எனக்குத் தெரிஞ்ச இங்கிலீஷ்ல பலா மரத்தைப் பத்தி விளக்கினேன், அவங்க ஊர்ல ஈரப்பலா உண்டாம், அதுலயே பத்து நிமிஷம் போயிடுச்சு.

அப்புறம் அந்தப் பொண்ணு கேட்டுச்சு, "உங்க நாடு டிசம்பர்ல என்ன சொல்லுச்சு தெரியுமா?" தெரியும். 2024 டிசம்பர் விசாரணையில 96 நாடும் 11 அமைப்பும் பேசினாங்க, இந்தியா பேசினது 5-ஆம் தேதி. இருக்கற ஒப்பந்தங்களுக்கு மேல புதுக் கடமை எதையும் கோர்ட்டு ஏத்தக் கூடாதுங்கறதுதான் சாராம்சம். பணக்கார நாடுங்கதான் இவ்ளோ புகையும் விட்டுச்சு, எங்க தலைக்கணக்குல, அதாவது ஆளுக்கு எவ்ளோ புகைன்னு பாத்தா கம்மின்னும் சொன்னாங்க, அது நியாயமான பேச்சுதான், நானும் ஒத்துக்கறேன். ஆனா மூழ்கப் போற தீவுக்காரப் பொண்ணு மூஞ்சிய நேரா பாத்து "தலைக்கணக்கு"ன்னு சொல்ல எனக்கு வாய் வரல. தலைய ஆட்டிட்டு போனைப் பாத்துட்டு நின்னேன்.

கோர்ட்டு என்ன சொல்லுச்சுன்னா (எல்லா நீதிபதியும் ஒருமனதா): பூமி சூடு ஏறறதை 1.5 டிகிரிக்குள்ள நிறுத்தறதுதான் பிரதான இலக்கு, நாடுகளுக்கு இதுல சட்டக் கடமை இருக்கு, நிலக்கரி எண்ணெய் எடுக்கறதுக்கு லைசென்ஸ் மானியம் குடுக்கறது கூட தப்பான செயலா ஆகலாம், பாதிக்கப்பட்டவங்களுக்கு ஈடு செய்யற பொறுப்பும் வரலாம். கடல் ஏறி நிலம் போனாலும் அந்த நாடு நாடா இல்லாமப் போயிடும்னு அர்த்தம் இல்லன்னு ஒரு இடத்துல வந்துச்சு, அப்ப என் பக்கத்துல யாரும் கத்தல. ஒரு பையன் அப்படியே தரையில உக்காந்துட்டான், அவ்ளோதான்.

சரி, அடுத்தவங்க வாங்க.

துபாய்_வயர்மேன்:

அண்ணே நான் பரமக்குடி பக்கம், இங்க ஏவி டெக்னீசியன். 2023-ல காப்28, அதான் ஐ.நா. பருவநிலை மாநாடு, இங்க எக்ஸ்போ சிட்டில நடந்துச்சுல்ல, சப் கான்ட்ராக்ட்ல நாடுகள் பேச்சுவார்த்தை நடத்துற ப்ளூ சோன் உள்ள மீட்டிங் ரூமுக்கு மைக்கு ஸ்கிரீன் பாக்குற டியூட்டி. பேச்சுவார்த்தைன்னா பெருசா சண்டை போடுவாய்ங்கன்னு நெனச்சேன், பாத்தா ஸ்கிரீன்ல ஒரு பக்கம் எழுத்தை ஓட்டி அதுல ஒரு வார்த்தைக்கு ஒன்றரை மணி நேரம் உக்காந்திருக்காய்ங்க. சதுர பிராக்கெட்டுக்குள்ள இருக்கறதெல்லாம் இன்னும் ஒத்துக்காத வார்த்தையாம், ரெண்டாம் நாளுதான் எனக்கே வெளங்குச்சு.

பசங்க எங்க இருந்தாய்ங்கன்னா செவத்தோரம், பிளக் பாயிண்ட் பக்கத்துல, தரையில. அப்சர்வர் பாஸுக்கு, அதாவது பார்வையாளரா வர்றவங்களுக்கு, எல்லா நாடும் பேசி முடிச்சு நேரம் மிச்சம் இருந்தாத்தான் மைக்கு. நேரம் எங்கண்ணே மிஞ்சுது? ஒருநாள் ஒரு பிள்ளை ரெண்டு வரி துண்டுச் சீட்டுல எழுதி ஒரு சின்ன நாட்டு ஆளுகிட்ட நீட்டுச்சு, அவரு அதை அப்படியே தன் நாட்டுப் பேருல வாசிச்சாரு, டக்குன்னு ஸ்கிரீன்ல ஏறிருச்சு, பிராக்கெட்டோட. அந்தப் பிள்ளை கைய முறுக்கிட்டு சத்தம் வராம குதிச்சுச்சு பாருங்க. மறுநாள் என்னை வேற ரூமுக்கு மாத்திட்டாய்ங்க, பிராக்கெட் போச்சா வார்த்தையே போச்சான்னு இன்னைக்கு வரைக்கும் தெரியாது.

அந்த மாநாட்டுலதான் மணிப்பூர் பொண்ணு ஒண்ணு, 12 வயசு, அட்டையத் தூக்கிட்டு மேடையிலயே ஏறிருச்சு. வீடியோ நீங்களும் பாத்திருப்பீங்க. கடைசில 13-ஆம் தேதி பெட்ரோல் நிலக்கரிய விட்டு "விலகிப் போறது"ன்னு எழுதி முடிச்சாய்ங்க. நிப்பாட்டுறதுன்னு போடல, விலகிப் போறதாம். எம்புட்டு வேகத்துலன்னு கேக்கப்புடாது.

வெள்ளவத்தை_விடியல்:

நான் யாழ்ப்பாணம். எனக்கு மேலே சொன்ன மாதிரி சந்தோசமான கதை இல்லை. 2250 எண்டு ஐ.நா. பாதுகாப்புச் சபைத் தீர்மானம் ஒண்டு இருக்கு, 2015 டிசம்பரில வந்தது, சமாதான வேலையில இளைஞரையும் சேர்க்க வேணும் எண்டு. ஜோர்தான் கொண்டு வந்தது. அதுக்குப் பிறகு எங்களிட்டையும் கருத்துக் கேக்கிறம் எண்டு கொழும்பில ஒரு ஹோட்டலில கூட்டம் வைச்சினம். யார் வைச்சது எண்டு கேளாதேங்கோ. இரவு பஸ் ஏறி விடிய வெள்ளவத்தையில இறங்கி சொந்தக்காரர் வீட்டில முகம் கழுவிப்போட்டுப் போனனான். மூண்டு நிமிசம் தந்தவை. ஆமி பிடிச்ச எங்கட ஊர்க் காணி இன்னும் விடேல்லை, காணாமல் போன பிள்ளையளைக் கேட்டு அம்மாக்கள் ரோட்டில இருக்கினம், முதல் அதைக் கதைப்பம் எண்டு சொன்னன். மொழிபெயர்த்த தங்கச்சி பாவம், அவவுக்குக் குரல் தடுக்கினது.

ஆறு மாசத்தால அறிக்கை வந்துது. "வடக்கு இளைஞர்கள் வாழ்வாதார வாய்ப்புகளை எதிர்பார்க்கின்றனர்." நான் வாழ்வாதாரம் எண்ட சொல்லே வாயில எடுக்கேல்லை! அட்டையில என்ர படம் மட்டும் வடிவா இருக்கு. அந்தத் தீர்மானத்தின்ர கணக்கில இளைஞர் எண்டா 18 தொடக்கம் 29 வரை, எனக்கு இப்ப 33, இனி என்னை ஒருத்தரும் கூப்பிடவும் மாட்டினம்.

கேப்பைக்கூழ்:

எல்லாம் சரி ப்ரோ. அந்தக் கோர்ட்டு சொன்னது கட்டாயமில்லயே, அறிவுரை மாதிரிதானே, எவன் கேப்பான்?

பண்ருட்டிப்பலா:

@கேப்பைக்கூழ் கட்டாயம் இல்லதான், யாரையும் பிடிச்சு உள்ள வைக்க முடியாது. ஆனா இனிமே எந்த நாட்டுக் கோர்ட்டுல கேஸ் போட்டாலும் வக்கீல் இதைத் தூக்கி மேஜையில வைப்பாரு. முன்னாடி 2019-ல 16 பசங்க, உத்தராகண்ட் பொண்ணு ஒண்ணு கூட அதுல இருந்துச்சு, அஞ்சு நாட்டு மேல ஐ.நா. குழந்தை உரிமைக் குழுகிட்ட புகார் குடுத்தாங்க. 2021-ல உங்க நாட்டுக் கோர்ட்டுக்கு மொதல்ல போங்கன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. ஆனா அதே முடிவுல, ஒரு நாட்டுப் புகையால எல்லைக்கு வெளிய இருக்கற பிள்ளைங்க பாதிச்சா அதுக்கும் அந்த நாடு பொறுப்பாகலாம்னு எழுதியும் வச்சாங்க. தோத்த கேஸ்ல இருந்து ஒரு வரி மிஞ்சுது பாருங்க, சட்டம் படிக்கறவன் எனக்கு அது போதும், உங்களுக்குப் போதாதுன்னா தப்பே இல்ல.

@வெள்ளவத்தை_விடியல் உங்க பதிவை ரெண்டு வாட்டி படிச்சேன். அந்த 27 பேருக்கும் உங்களுக்கும் வித்தியாசம் என்னன்னு யோசிச்சா, அவங்க எழுதினதை அவங்க அரசாங்கமே தூக்கிட்டுப் போச்சு. உங்களுக்கு அந்தப் பக்கம் யாரு இருந்தா? இதுக்கு என்கிட்ட பதில் இல்ல.

துபாய்_வயர்மேன்:

அண்ணே என் தங்கச்சி மதுரையில சட்டம் ரெண்டாம் வருசம். இதையெல்லாம் படிச்சுக் காட்டுனேன், எங்க ஆரம்பிக்கணும்னு கேக்குது.

பண்ருட்டிப்பலா:

மாநாட்டுக்குப் போக பாஸ் தேடி அலைய வேணாம்னு சொல்லுங்க, அது அப்புறம். பொதுச்சபைத் தீர்மானம் 77/276, நம்பர் போட்டுத் தேடுனா ஐ.நா. தளத்துலயே கிடைக்கும், சில பக்கம்தான். முன்னுரை நீளமா இருக்கும், கடைசியில கேள்வி ரெண்டே ரெண்டு. அந்த ரெண்டு கேள்வியில எந்த வார்த்தை ஏன் இருக்குன்னு ஒவ்வொண்ணா பென்சில்ல அடிக்கோடு போட்டுப் படிக்கச் சொல்லுங்க, சந்தேகம் வந்தா இங்க வந்து கேக்கட்டும். நான் நைட்டு ஷிப்டு முடிஞ்சுதான் பாப்பேன், கொஞ்சம் லேட் ஆகும்.