4 டெரா ஹார்ட் டிஸ்க், 465 ஜிபி மட்டும் காட்டுது – அவசரம்

அவசர_ஆறுமுகம்:
எல்லாருக்கும் வணக்கம். 4 டெரா ஹார்ட் டிஸ்கை கம்ப்யூட்டர்ல மாட்டினேன். 465 ஜிபிதான் காட்டுது, மீதி எங்க போச்சுன்னே தெரியல. திறக்கப் போனா ஃபார்மட் பண்ணவான்னு கேக்குது. கேபிள் மாத்திப் பாத்தாச்சு. சீக்கிரம் சொல்லுங்க, இன்னைக்கு வேலை இருக்கு.

நிழல்77:
எந்த விண்டோஸ்? யுஎஸ்பியா, உள்ள நேரா மாட்டுற சாட்டாவா? 465-ஐ எங்க பாத்தீங்க, மை கம்ப்யூட்டர்லயா, டிஸ்க் மேனேஜ்மென்ட்லயா?

முதல்_பைட்:
தம்பி, இது இங்க ஆயிரம் தடவை பேசியாச்சு, தேடிப் பாக்கிற பழக்கமே இல்ல. கம்பெனிக்காரன் 1000-ஆல கணக்கு போடுவான், விண்டோஸ் 1024-ஆல வகுக்கும். அதான் குறையுது. அடிப்படை.

நிழல்77:
அந்தக் கணக்குல 4 டெரா 3.63 டெரா ஆகும் சார், 465 ஜிபி ஆகாது.

கறார்_கண்ணன்:
பாஸ், ஏமாந்துட்டீங்க. 500 ஜிபி டிஸ்க்தான் விண்டோஸ்ல 465-ன்னு காட்டும். பழைய 500-க்கு 4 டெரா ஸ்டிக்கர் ஒட்டிக் குடுத்திருக்கான்.

சும்மா_ஒருவன்:
போலியா இருந்தா பொதுவா கூடுதலாத்தானே காட்டும், உள்ள எழுதும்போதுதானே பல்லிளிக்கும்? இது எம்பிஆர் (டிஸ்க்ல எந்தப் பகுதி எங்க இருக்குன்னு குறிச்சு வைக்கிற பழைய அட்டவணை) பிரச்சனை. விண்டோஸோட டிஸ்க்பார்ட்ல கிளீன் (அந்த அட்டவணையை அழிக்கிற கட்டளை) போட்டு, புது வகை அட்டவணையான ஜிபிடி-க்கு மாத்துங்க, அஞ்சு நிமிஷ வேலை.

நிழல்77:
அய்யா, கிளீன் போட வேணாம்! உள்ள என்ன இருக்குன்னு அவர் இன்னும் சொல்லவே இல்ல. எம்பிஆர் மட்டும்தான் காரணம்னா 2048 ஜிபியில வெட்டும், 465-ல இல்ல.

முதல்_பைட்:
1024 கணக்கைப் பத்தி நான் சொன்னது தப்பில்ல. ஜிபின்னா 1024 மெகாபைட், அவ்வளவுதான். கம்பெனிகள்தான் திருடுறாங்க.

எண்_பித்தன்:
அண்ணே, திருட்டு எங்க வந்துச்சு? ஜிபியில வர்ற கிகான்னா 100 கோடி. 1024 கணக்குக்குன்னு 1998-லயே கிபி, மெபி, கிபின்னு… (தமிழ்ல kibi-யும் gibi-யும் ஒண்ணா விழுது, விடுங்க) தனிப் பேர் வெச்சாச்சு. மேக் 2009-ல ஸ்னோ லெப்பர்ட்ல இருந்து 1000-ஆலதான் காட்டுது. விண்டோஸ்தான் 1024-ஆல வகுத்துட்டு ஜிபின்னு எழுதுது.

முதல்_பைட்:
நான் ஃப்ளாப்பி காலத்துல இருந்து இதுல இருக்கேன்.

எண்_பித்தன்:
அந்த 1.44 ஃப்ளாப்பியே 1000-ஐயும் 1024-ஐயும் பெருக்கி வந்த நம்பர்தான் அண்ணே :)

அவசர_ஆறுமுகம்:
விண்டோஸ் 10, சாட்டா. டிஸ்க் மேனேஜ்மென்ட்ல மொத்தம் 3726.02 இருக்கு. அதுல 465.75 ரா-ன்னு ஒரு பார்ட்டிஷன், மீதி எல்லாம் கறுப்பா, ஒதுக்காத இடம்னு (அன்அலகேட்டட்), ரெண்டு துண்டா. ஃபைல் எல்லாம் உள்ளதான் இருக்கு, அழியக்கூடாது.

கறார்_கண்ணன்:
3726-ன்னா ஒரிஜினல் டிஸ்க்தான். வாபஸ்.

நிழல்77:
இதுக்கு முன்னாடி எதுல ஓடிச்சு? எக்ஸ்டர்னல் பெட்டியில இருந்து கழட்டினதா?

அவசர_ஆறுமுகம்:
ஆமா, பெட்டியோட யுஎஸ்பி போர்ட் ஆடுது, அதான் கழட்டி நேரா மாட்டினேன். அது முக்கியமா?

நிழல்77:
அதுதான் மொத்தக் கதையும். 3726.02-ஐ 8-ஆல வகுங்க, 465.75 வருதா?

டிஸ்க் சின்னச் சின்னக் கட்டமா பிரிஞ்சிருக்கும், அதுதான் செக்டார்; எம்பிஆர் அட்டவணை அந்த எண்ணிக்கையை 32 பிட்ல எழுதும். 512 பைட் செக்டார்னா 2048 ஜிபிக்கு மேல எட்டாது. ஆனா பழைய விண்டோஸ் எக்ஸ்பி 32 பிட்டுக்கு ஜிபிடி படிக்கத் தெரியாது. அதனால சில பெட்டிகள்ல இருக்கிற சின்ன போர்டு, 'என் செக்டார் 4096 பைட்'னு கம்ப்யூட்டர்கிட்ட சொல்லிடும். அப்போ எம்பிஆர்லயே 16 டெரா வரைக்கும் போகலாம். போர்டைக் கழட்டினதும் டிஸ்க் தன்னை 512-ன்னு சொல்லுது. எண்ணிக்கை அதேதான், அலகு எட்டுல ஒரு பங்கா சுருங்கிடுச்சு. பார்ட்டிஷன் ஆரம்பிக்கிற இடமும் தப்பாப் படிக்கப்படுது, அதான் உள்ள இருக்கிறது புரியாம விண்டோஸ் ரா-ன்னு காட்டுது.

ஃபைல் அப்படியே இருக்கும். ஃபார்மட், கிளீன், இனிஷியலைஸ், செக்டிஸ்க் எதுவும் தொடாதீங்க. திரும்ப அந்த போர்டுலயே மாட்டி, வேற டிஸ்குக்கு காப்பி எடுங்க. போர்டு செத்துட்டா லைவ் லினக்ஸ்ல (பென்டிரைவ்லயே ஓடுற லினக்ஸ்), ரீட்-ஒன்லியா, 4096 செக்டார் அளவோட லூப் டிவைஸ் (லினக்ஸ் உருவாக்குற போலி டிஸ்க்) போட்டுப் படிக்கலாம், லினக்ஸ் கெர்னல் 4.14 இல்லன்னா அதுக்கு மேல இருக்கணும். போர்டு என்கிரிப்ட் பண்ற வகைன்னா அந்த வழி நடக்காது, பெட்டியோட யுஎஸ்பி போர்ட்டை சால்டர் வெச்சு சரிபண்ணித்தான் ஆகணும். காப்பி முடிஞ்சப்புறம் சும்மா_ஒருவன் சொன்ன ஜிபிடி பண்ணிக்கோங்க.

சும்மா_ஒருவன்:
அப்போ நான் சொன்னதும் சரிதானே.

நிழல்77:
ரெண்டாவதா பண்ணினா சரி.

முதல்_பைட்:
முதல்லயே எல்லா விவரமும் குடுத்திருந்தா நானே சொல்லியிருப்பேன்.

அவசர_ஆறுமுகம்:
போர்டுல மாட்டி கேபிளை டேப் போட்டு ஒட்டினேன். எல்லாம் தெரியுது. காப்பி ஓடுது. நன்றி.

புதுவரவு_3:
எனக்கும் இதே பிரச்சனை!! 3 டெரா, மொத்தமே 746 ஜிபி காட்டுது. 8-ஆல பெருக்கினா சரியா வரலயே?

நிழல்77:
அது வேற. உங்களோடது 2794.52-ல 2048 போக மிச்சம். பழைய ஸ்டோரேஜ் டிரைவரோ, டிஸ்கை மாட்டுற யுஎஸ்பி டாக்கோ 32 பிட்டைத் தாண்ட முடியாம மறுபடி பூஜ்யத்துல இருந்து எண்ணுது. அதுல எதையும் எழுதாதீங்க. தனி இழை திறங்க, எதுல மாட்டியிருக்கீங்கன்னு முதல் வரியிலயே எழுதுங்க.