புதுப்பிப்பு: சப்வூஃபர் இரைச்சல் போயிடுச்சு

கார்ல 12 அங்குல சப்வூஃபர் (பேஸ் சத்தத்துக்கான தனி ஸ்பீக்கர்) மாட்டினதுலேர்ந்து ஆக்சிலரேட்டர் மிதிச்சா ஸ்பீக்கர்ல ஒரு இரைச்சலும் சேர்ந்து ஏறுதுன்னு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி.

காரணம் எர்த்துதான். ஆம்ப்ளிஃபயரோட கறுப்பு வயரை டிக்கியில பெயின்ட் மேலயே முறுக்கி விட்டிருந்தாங்க. தண்டையார்பேட்டை எலக்ட்ரீஷியன் அண்ணன் பெயின்ட்டைச் சுரண்டி, வெறும் இரும்பு தெரிஞ்சதும் போல்ட் போட்டார். நம்ம பக்கம் உப்புக் காத்து, சீக்கிரம் துரு ஏறும்னு மேல கிரீஸும் தடவினார். ஆம்ப்ளிஃபயருக்குப் பாட்டு சிக்னல் கொண்டு போற ஆர்சிஏ கேபிளும் பவர் வயரும் இப்ப தனித்தனிப் பக்கம் போகுது.

பேட்டரியிலேர்ந்து 45 செ.மீ.க்குள்ள ஃபியூஸ் இருக்கான்னு கட்டாயம் பாருங்க. வயர் உரசி ஷார்ட் ஆனா வண்டியே எரிஞ்சிடும். இதுல காசு பாக்காதீங்க.

லோ பாஸ் ஃபில்டரை 80 ஹெர்ட்ஸ்ல வெச்சிருக்கேன், அதாவது அதுக்குக் கீழ உள்ள பேஸ்தான் சப்வூஃபருக்குப் போகும். கானாவுல டோலக் அடி அவ்வளவு சுத்தமா விழுது! கெயின் (ஆம்ப்ளிஃபயர் சிக்னலை எவ்வளவு ஏத்தணும்ங்கிற செட்டிங்) மட்டும் இன்னும் கொஞ்சம் குறைக்கணும்.