டைல்ஸ் பதித்த பிறகு தெரியவந்த கழிவுநீர்க் குழாய்ப் பிழைகள்

கேள்வி:

மாடிக் குளியலறையைப் புதுப்பித்தபோது ஷவரை எதிர்ச்சுவருக்கு மாற்றினோம். அதனால் தரை ட்ராப்புக்கும் (சிறிது தண்ணீரைத் தேக்கி நாற்றத்தைத் தடுக்கும் வடிகால் அமைப்பு) செங்குத்துக் குழாய்க்கும் இடையே ஏறத்தாழ 2.5 மீட்டர் தூரம் வந்துவிட்டது. பிளம்பரும் நானும் சேர்ந்து 75 மி.மீ. பிவிசி குழாய் போட்டோம். இப்போது குளிக்கும்போது தண்ணீர் கணுக்கால் வரை தேங்கி நிற்கிறது; கழிப்பறையில் ஃபிளஷ் செய்தால் தரை ட்ராப் ‘களக் களக்’ என்று சத்தமிட்டு, சற்று நேரத்தில் நாற்றமும் கிளம்புகிறது; கீழ் அறையின் சீலிங்கில் உள்ளங்கை அகலத்துக்கு ஈரம் படர்ந்திருக்கிறது.

வேலை நடந்தபோது எடுத்த படங்களை நேற்று பெரிதாக்கிப் பார்த்தேன். குழாய் மேல் வைத்த ரசமட்டத்தில் குமிழ் சரியாக நடுவில் நிற்கிறது, அன்று அதைப் பார்த்து மகிழ்ந்தவனும் நான்தான். நாற்றம் வரக் கூடாதென்று தரை ட்ராப்புக்கு அடுத்து இன்னொரு ட்ராப்பையும் நானே சொல்லிப் போட வைத்தேன். தரை முழுவதையும் உடைக்க வேண்டியிருக்குமா?

மறுமொழி 1:

குமிழ் நடுவில் நின்றால் குழாய்க்கு வாட்டமே, அதாவது சரிவே, இல்லை என்று பொருள். 50 மி.மீ. நீளத்துக்கு 1 மி.மீ. இறக்கம் (50-க்கு 1) என்று வைத்துக்கொண்டால், உங்கள் 2.5 மீட்டருக்கு 50 மி.மீ. இறக்கம் தேவை. 1 மீட்டர் நீள ரசமட்டத்தின் தாழ்ந்த முனைக்கு அடியில் 20 மி.மீ. கனமுள்ள மரத்துண்டை வைத்து, அப்போது குமிழ் நடுவுக்கு வந்தால் வாட்டம் சரி.

இரண்டாவது ட்ராப்பை எடுத்துவிடுங்கள். இரு நீர்த் தடுப்புகளுக்கும் நடுவே மாட்டிக்கொண்ட காற்று வெளியேற வழியில்லாமல், மேலிருந்து வரும் தண்ணீரை எதிர்த்து நிற்கும். தேக்கத்துக்கு வாட்டமின்மையோடு இதுவும் ஒரு காரணம்.

ஃபிளஷ் சத்தம் வேறு கதை. செங்குத்துக் குழாயில் மொத்தமாக விழும் தண்ணீர் தன் பின்னால் காற்றை இழுக்கும். அந்தக் காற்று மேலே வென்ட் (மொட்டை மாடியில் திறக்கும் காற்றுக்குழாய்) வழியாக வர முடியாவிட்டால் உங்கள் ட்ராப்பின் வழியாக வரும். வரும்போது நாற்றத்தைத் தடுத்து நிற்கும் 50 மி.மீ. தண்ணீரையும் உறிஞ்சிக்கொண்டு போய்விடும். ஜல்லடையைக் கழற்றி, ஃபிளஷ் செய்வதற்கு முன்னும் பின்னும் டார்ச் அடித்து நீர்மட்டத்தைப் பாருங்கள். பிறகு மொட்டை மாடிக்குச் சென்று குழாயின் வாய் திறந்திருக்கிறதா என்று பாருங்கள்.

மறுமொழி 2:

ஈரத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். எங்கள் வீட்டில் எல்லாத் துண்டுகளையும் பசையில்லாமல் பொருத்திப் பார்த்து, பென்சிலால் குறியிட்டு, ஒவ்வொன்றாகக் கழற்றிச் சால்வென்ட் சிமென்ட் (பிவிசி ஒட்டும் பசை) தடவினோம். ஓர் எல்போ (வளைவு இணைப்பு) மட்டும் பசை தடவாமல் விடுபட்டுப் போனது. கழிவுநீர்க் குழாயில் அழுத்தம் இல்லாததால் பல வாரங்கள் அது ஒழுகவே இல்லை, பிறகுதான் காட்டிக்கொடுத்தது.

ஒரு நாள் குளியலறைத் தரையை உலர விட்டு, தரை நனையாமல் புனல் வழியாக ட்ராப்புக்குள் மட்டும் பல வாளித் தண்ணீர் ஊற்றுங்கள். கீழே ஈரம் கூடினால் கோளாறு குழாயில். கூடவில்லையென்றால் வாட்டர்ப்ரூஃபிங்கைச் சந்தேகிக்க வேண்டும்.

கேள்வி கேட்டவர்:

இரண்டையும் செய்து பார்த்தேன். ஒரே ஃபிளஷில் ட்ராப்பின் நீர்மட்டம் இரண்டு விரல் அளவு இறங்கியது. மாடியில் வென்ட் வாய்க்கு, மழைநீர் இறங்குமென்று யாரோ மூடியே மாட்டியிருந்தார்கள். அதை எடுத்துவிட்டு வலை வைத்த கவுல் (காற்று போய்வர இடம்விடும் தொப்பி) பொருத்தியதும் சத்தம் நின்றது. ஆனால் ஐந்தாவது வாளியில் சீலிங் ஈரம் பரவியது. குழாய் செல்லும் தடத்தில் இரண்டு டைல்ஸ் அகலத்துக்கு மட்டும் நாளை உடைக்கிறோம்.

மறுமொழி 1:

நல்லது. குழாயை அறுத்த முனையில் பிசிறு இருந்தால் அது பசையை வழித்துத் தள்ளிவிடும்; அரத்தால் சரித்துத் தேய்த்துவிடுங்கள். பசை பிளாஸ்டிக்கை இளக்கி ஒட்டவைப்பதால், உள்ளே செருகிக் கால் சுற்று திருப்பி, அரை நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும். இல்லாவிட்டால் குழாய் மெல்லப் பின்வாங்கும். பசை நன்றாகக் காய்ந்ததும், தரையை மூடுவதற்கு முன் வெளிமுனையை அடைத்து, ட்ராப் விளிம்பு வரை தண்ணீர் நிரப்பி, ஓர் இரவு விட்டுப் பாருங்கள். ஒட்டிய ஒவ்வொரு இணைப்பிலும் மார்க்கரால் ஒரு கோடு போடுங்கள். விடுபட்ட எல்போ அப்போதே கண்ணில் படும்.