மொட்டை வெயில்ல ஓடுற கறுப்பு எறும்பு: கடிச்சது இதுதானா?

கேம்ப்வாசி:
அபுதாபியில ஸ்வைஹான் பக்கம் சைட் வேலை. மத்தியானம் ஒரு மணிக்கு மண்ணுல கால் வைக்க முடியாது, அந்நேரம் பார்த்து பெரிய கறுப்பு எறும்பு சுத்துது. நீளக் கால், பின்பக்கத்தை மேல தூக்கிக்கிட்டு தலைதெறிக்க ஓடுது. போன வாரம் ரூம்ல ஒரு தம்பிக்கு எறும்பு கடிச்சு கை வீங்கி, உடம்பெல்லாம் தடிப்பு. புத்துல பெட்ரோல் ஊத்திடலாமா? என்ன எறும்பு இது?

வேலிக்காத்தான்:
பெட்ரோலை முதல்ல கீழ வைங்கண்ணா. வரிசையா போகுதா? புத்து வாசல்ல விதைத்தோல் குவிஞ்சிருக்கா? தம்பிக்கு எங்க, எப்போ கடிச்சது?

கேம்ப்வாசி:
வரிசை கிடையாது, ஒண்ணொண்ணும் தனியா. தோல் இல்ல, வெறும் ஓட்டை. கடிச்சது ராத்திரி. ஏசி தண்ணி சொட்டுற இடத்துல கிடந்த செருப்பை எடுக்கப் போயிருக்கான்.

மணல்மேடு:
சஹாரா வெள்ளி எறும்புதானே இது? வீடியோ பார்த்திருக்கேன்.

வேலிக்காத்தான்:
அதுக்கு உடம்பெல்லாம் வெள்ளி முடி மினுங்கும். அண்ணன் சொல்றது கறுப்பு. ஆனா சாதி ஒண்ணுதான், கேட்டகிளைஃபிஸ். விதைத்தோல் இருந்தா மெஸ்ஸோர்னு சொல்லியிருப்பேன், அது தானியம் சேர்க்கிறது. உங்களோடது வெயில்ல செத்து விழுற பூச்சியைப் பொறுக்கித் தின்னுறது. கொடுக்கே கிடையாது. பிடிச்சா கடிக்கும், ஃபார்மிக் ஆசிட் பீச்சும், அவ்வளவுதான். சூரியனை வெச்சு திசை பிடிக்கும், அடியை எண்ணி தூரம் அளக்கும். துனீசியாவுல இதே சாதி எறும்புக்கு, இரை எடுத்துட்டுத் திரும்புற நேரம் பன்றி முடியில பொய்க்கால் ஒட்டினாங்க, கால் நீண்டதால அதே அடிக்கணக்குல புத்தைத் தாண்டிப் போயிடுச்சு! 2006-ல வந்த ஆய்வு. இதுமேலயா பெட்ரோல் ஊத்தப் போறீங்க?

தம்பியைக் கொட்டினது சாம்சும் எறும்பா இருக்கும். ஆப்பிரிக்காவுல இருந்து வந்தது. நம்ம ஊர் கட்டெறும்பை விடச் சின்னது, ஈரம் இருக்கிற இடத்துல கல்லுக்கடியில இருக்கும். வால்ல கொடுக்கு. வளைகுடாவுல இது கொட்டி உயிர் போன கேஸ் இருக்கு. உடம்பெல்லாம் தடிச்சதுன்னா அலர்ஜி, அடுத்த தடவை மோசமாகலாம். டாக்டர்கிட்ட அட்ரினலின் ஊசி பத்திக் கேளுங்க. மூச்சு முட்டினா உடனே ஆம்புலன்ஸுக்கு 998 அடிங்க.

செல்லோடேப்ல ஒண்ணை ஒட்டி, போன்ல பெருசாக்கிப் பாருங்க. வால் நுனியில முள் தெரியும்.

கேம்ப்வாசி:
பார்த்தாச்சு. ஏசி தண்ணிக்குக் கீழ ஒரு செங்கல், புரட்டினா அடியில இருபது முப்பது. சின்னதா, கறுப்பா, சாவகாசமா நடக்குது. டேப்ல முள் தெரியுது. டியூப் மாட்டி தண்ணியை தூரமா விட்டாச்சு, செருப்பெல்லாம் இப்போ ஆணியில தொங்குது. தம்பி திங்கக்கிழமை டாக்டரைப் பார்க்கப் போறான். மத்தியான ஓட்டக்காரனை விட்டுட்டோம்.